மருந்தாகும் ஒளி

இறைவன் உலகைப் படைத்தபோது முதல் நாளில் ஒளியைப் படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் சிறு வயதிலேயே படிக்கிறோம். அந்த ஒளி பயிரை வளர்க்கிறது; துணியை உலர்த்துகிறது; வழி காட்டுகிறது. அதே ஒளி நோய்க்கு மருந்தாகவும் ஆகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதிலும், தோல் அரிப்பு என்னும் தொல்லையை ஒளியைக் கொண்டு தணிக்கிறார்கள் என்றால் சிலர் நம்பக்கூட மாட்டார்கள். அந்த வைத்தியத்தை எங்கள் குடும்பத்திலேயே கண்ணாரக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் கண்டதையும், மருத்துவர் சொல்லக் கேட்டதையும், பிறகு ஆவலால் தேடிப் படித்ததையும் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

"அரிப்புத்தானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று பலர் கேட்பதுண்டு. காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். கால் முறிந்தவருக்குத் தோள் கொடுக்கிறோம். ஆனால் பேருந்தில் நம் பக்கத்தில் இருப்பவர் கையைச் சொறிந்தால் என்ன செய்கிறோம்? மெல்ல நகர்ந்து உட்காருகிறோம்! வலிக்கு இரக்கம் கிடைக்கிறது. அரிப்புக்கோ அருவருப்புத்தான் கிடைக்கிறது.

சொறியத் தூண்டுகிற வேண்டாத உணர்ச்சியே அரிப்பு என்று 1660-ஆம் ஆண்டிலேயே ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விளக்கம் கொடுத்தார். இன்றும் மருத்துவர்கள் அந்த விளக்கத்தையே எடுத்தாளுகிறார்கள். தோலிலுள்ள நுண்ணிய நரம்புகள் அரிப்புச் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கின்றன. நாம் சொறியும்போது ஒரு சிறிய வலி உண்டாகிறது. அந்த வலி அரிப்பைச் சற்று நேரம் மறைத்து விடுகிறது. அதனால்தான் சொறிவது சுகமாக இருக்கிறது. ஆனால் நகம் பட்ட தோல் புண்ணாகிறது. புண்ணான தோல் முன்னைவிட அதிகமாக அரிக்கிறது. மறுபடியும் கை தானாகவே அங்கே போகிறது. செக்கைச் சுற்றும் மாட்டைப் போல இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை.

இந்தச் சுற்றில் அகப்பட்டுக்கொண்டவர் என் பெரியம்மா. என் அம்மாவின் மூத்த சகோதரி. திருமணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்து, தையல் தொழிலால் குடும்பத்துக்குத் துணை நிற்பவர்கள். எங்கள் பங்கில் ஆண்டுதோறும் புதுநன்மை வாங்கும் சிறுமிகளின் வெள்ளை உடைகளில் பல, பெரியம்மாவின் கையால் தைத்தவையே. சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முழங்கைகளில் சிவந்த தடிப்புகள் தோன்றின. அவற்றின்மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு முழங்கால், முதுகு, தலை என்று அது பரவியது.

பகலில் வேலைக் கவனத்தில் பெரியம்மா தாங்கிக் கொள்வார்கள். இரவில்தான் துன்பம். "உடம்பெல்லாம் எறும்பு ஊருது பாப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்காருவார்கள். கை எட்டாத முதுகைச் சீப்பால் சொறியும் சத்தம் நள்ளிரவுக்குப் பின்னும் எனக்குக் கேட்கும். காலையில் படுக்கை விரிப்பில் இரத்தத் துளிகள் இருக்கும். கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது, நிலக்கடலை கூடாது என்று வருவோர் போவோர் எல்லாரும் பத்தியம் சொன்னார்கள். வேப்பிலை அரைத்துப் பூசினோம். யாரோ சொன்ன களிம்பை மருத்துவரைக் கேளாமல் வாங்கிப் போட்டதில் ஒரு மாதம் அடங்கியிருந்து, நிறுத்தியவுடன் முன்னிலும் பெரிதாகக் கிளம்பியது.

இவற்றையெல்லாம்விடப் பெரியம்மாவை வாட்டியது வேறொன்று. புதுநன்மைக்கு உடை தைக்கக் கொடுத்திருந்த ஒரு தாய், பெரியம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, பாதி வெட்டிய வெள்ளைச் சாட்டின் துணியைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சென்றார். கூலியைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டில் அதன்பின் ஒருவரும் புதுநன்மை உடை தைக்கக் கொடுக்கவில்லை. பெரியம்மா முழுக்கை இரவிக்கை அணியத் தொடங்கினார்கள். ஞாயிறு முதல் திருப்பலிக்கு, இருட்டோடு போய்க் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்தார்கள்.

இந்த நிலையில் பங்கு மருந்தகத்தின் அருட்சகோதரி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மாவின் இரு கைகளையும் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டே, "இது ஒட்டும் நோய் அல்ல, அம்மா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போங்கள்" என்றார்கள். இத்தனை மாதங்களில் வெளியாள் ஒருவர் பெரியம்மாவின் கையைத் தொட்டது அன்றுதான்.

தோல் மருத்துவர் பார்த்தவுடன் "சொரியாசிஸ்" என்றார். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். நம் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. இந்த நோயில் உடலின் காவல் அணுக்கள் காரணமின்றித் தோலைத் தூண்டிவிடுவதால், அதே வேலை நான்கைந்து நாட்களில் நடந்து விடுகிறது. முற்றாத தோல் அடுக்கடுக்காகக் குவிந்து செதிலாக உதிர்கிறது. சொறிந்து காயப்பட்ட இடத்திலே புதிய தடிப்பு முளைப்பதும் உண்டு. தொட்டால் ஒட்டாது, துணியாலோ பாத்திரத்தாலோ பரவாது. உலக சுகாதாரப் பேரவை 2014-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்திலும் இதனைத் தொற்றா நோய் என்றே குறித்துள்ளது.

"உடம்பில் பல இடங்களில் இருப்பதால் களிம்பு மட்டும் போதாது. ஒளி சிகிச்சை கொடுப்போம்" என்றார் மருத்துவர். எனக்கு வியப்பாயிருந்தது. ஒளியைக் கொண்டு எப்படி நோயை ஆற்றுவது? அன்று முதல் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அது ஒரு கதைபோலவே இருந்தது.

முப்பட்டகக் கண்ணாடியில் வெயில் ஏழு நிறங்களாகப் பிரிவதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1801-ஆம் ஆண்டில் ரிட்டர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தை அந்த நிறங்களில் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில், அந்தக் காகிதம் மற்ற இடங்களைவிட விரைவாகக் கறுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ கதிர் அங்கே விழுகிறது என்று அவர் கண்டுகொண்டார். அவையே புற ஊதாக் கதிர்கள்.

அந்தக் கதிர்களைக் கொண்டு முதன்முதலில் முறையாக வைத்தியம் செய்தவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன். இவர் 1860-ஆம் ஆண்டில் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். இளமையிலிருந்தே நோயாளி. இரத்தசோகையும் சோர்வும் உடையவராய், வெயில் புகாத வடக்குப் பார்த்த வீட்டில் வசித்தபோது, வெயில் பட்டால் தமக்கு நலம் உண்டாகுமோ என்று எண்ணத் தொடங்கினார். அந்த எண்ணமே ஆராய்ச்சியாயிற்று. அக்காலத்தில் முகத்தை அரித்து உருக்குலைக்கும் தோல் காசநோய்க்கு நல்ல மருந்து இல்லை. ஃபின்சன் மின்வில் விளக்கின் ஒளியைக் குவார்ட்ஸ் வில்லைகளால் குவித்து நோயாளிகளின் தோலில் பாய்ச்சினார். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ் வில்லை. 1896-இல் கோபன்ஹேகன் நகரில் ஒளி சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்து அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அலெக்சாண்ட்ரா, 1900-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனைக்கு இந்த விளக்கைக் கொண்டுவரச் செய்தார். 1903-இல் ஃபின்சனுக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அடுத்த ஆண்டே, 43 வயதில் காலமானார். தாம் நோயில் கிடந்தும் பிறர் நோயை ஆற்றிய அந்த மனிதரை நினைக்கும்போது உள்ளம் உருகுகிறது.

தோல் காசநோய்க்குப் பின்னாளில் நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ஒளி சிகிச்சையோ வேறு தோல் நோய்களுக்குப் பயன்படலாயிற்று. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கெக்கர்மன், நிலக்கரித் தாரைப் பூசிப் புற ஊதாக் கதிரையும் கொடுத்துச் சொரியாசிஸை ஆற்றினார். நம் நாட்டிலோ வெண்புள்ளிக்குக் கார்போக அரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது பழைய காலத்து வைத்தியம். எகிப்தில் நைல் நதிக்கரையில் வளரும் ஒரு செடியின் விதையை அந்நாட்டவரும் அவ்வாறே பயன்படுத்தினார்கள். அந்த விதைகளிலுள்ள சோராலன் என்னும் பொருளை மாத்திரையாகக் கொடுத்து, அதன்பின் நீண்ட அலைகொண்ட புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறையைச் சொரியாசிஸுக்குப் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்டார்கள். நம் முன்னோரின் அனுபவமும் மேல்நாட்டார் ஆராய்ச்சியும் ஒரே பொருளில் வந்து சேர்ந்தது எவ்வளவு அழகு!

எந்தக் கதிர் நோயை ஆற்றுகிறது, எந்தக் கதிர் தோலைச் சுட்டுப் புண்ணாக்க மட்டும் செய்கிறது என்பதே அடுத்த கேள்வி. 1981-இல் பாரிஷ், யேனிக்கே என்ற இருவர் கதிர்களைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தார்கள். மிகக் குட்டையான அலைகள் தோலைச் சுட்டனவே தவிர நோயை ஆற்றவில்லை; 313 நானோமீட்டரை ஒட்டிய அலைகள் நன்கு ஆற்றின. (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர்!) அதற்கேற்ப 311 நானோமீட்டர் அளவில் மட்டும் கதிரை வீசும் குழல் விளக்குகள் அந்தப் பத்தாண்டுகளில் வந்தன. பெரியம்மாவுக்குக் கொடுத்ததும் இதுதான்.

கோடை விடுமுறை ஆதலால் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் பெரியம்மாவோடு நானும் போனேன். ஒளிக்கூண்டு பார்ப்பதற்கு ஆள் உயர இரும்பு அலமாரி போல் இருந்தது. உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். பெரியம்மா கறுப்புக் கண்ணாடி அணிந்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே நிற்பார்கள். விசிறி சுழலும், இடுக்கு வழியே இளநீல வெளிச்சம் தெரியும். அந்த நீலம் வெறும் துணைக்கு வருவதுதான், மருந்தாகும் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்று அங்கிருந்த செவிலியர் எனக்கு விளக்கினார்கள்.

முதல் நாள் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பெரியம்மா சிரித்தார்கள். அவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் தேதியும், கதிரின் அளவும் எழுதப்பட்டிருக்கும். முதல் தடவை 300 மில்லிஜூல். அடுத்த தடவை அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 360, பிறகு 430. ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்து, "எரிந்ததா? சிவந்ததா?" என்று கேட்ட பிறகே கூட்டுவார்கள். ஒருமுறை முதுகு சிவந்திருந்ததால் அன்று கதிரே கொடுக்கவில்லை. அடுத்த தடவையும் அளவைக் கூட்டவில்லை. சமையலில் உப்பைப் போல, ஒளியையும் அளந்தே போடுகிறார்கள்.

அந்தக் கதிர் தோலுக்குள் சென்று என்ன செய்கிறது? மேல்தோலின் மட்டுமீறிய வளர்ச்சியை அது தடுக்கிறது. தவறாகத் தூண்டும் காவல் அணுக்களை அடக்கிக் குறைக்கிறது. அரிப்பை எழுப்பும் பொருள்கள் சுரப்பதும், மேல்தோலில் அரிப்பு நரம்புகள் முளைத்துப் பெருகுவதும் குறைகின்றன. இவையெல்லாம் மெல்ல நடப்பவை. ஆகவேதான் இதற்குப் பொறுமை வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மாற்றமே தெரியவில்லை. பேருந்துச் செலவு, பாதி நாள் வேலை போவது ஆகியவற்றை எண்ணிப் பெரியம்மா நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்டார்கள். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ முடிந்திருக்கும். ஒருநாள் காலையில் அம்மா என்னை எழுப்பி, "ராத்திரி உனக்குச் சத்தம் ஏதும் கேட்டதா?" என்று கேட்டார்கள். கேட்கவில்லை! பெரியம்மா இரவு முழுவதும் தூங்கியிருந்தார்கள். தடிப்பு அப்படியேதான் இருந்தது. அரிப்புத்தான் முதலில் தணிந்தது. பிறகு செதில் உதிர்வது நின்றது. 26 தடவை முடிந்தபோது தடிப்பு இருந்த இடங்களில் வெறும் கறுத்த தழும்புகளே இருந்தன.

நோய் அடியோடு போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. திரும்ப வரலாம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அப்படியே மழைக்காலத்தில் ஒரு முழங்கையில் சிறிது தலைகாட்டியது. ஆனால் பெரியம்மா இப்போது அஞ்சுவதில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போய்வருகிறார்கள். முழுக்கை இரவிக்கைகளை எல்லாம் கையை வெட்டிச் சிறிதாக்கிக் கொண்டார்கள்.

இதைப் படிக்கும் தோழியர் சிலர், "வெயில்தான் நம் ஊரில் வேண்டிய மட்டும் இருக்கிறதே, அதில் நின்றால் போதாதா?" என்று கேட்கலாம். நானும் மருத்துவரிடம் கேட்டேன். வெயிலில் ஆற்றும் கதிரும் உண்டு, சுடும் கதிரும் உண்டு. நேரத்துக்கு நேரம் அளவும் மாறும். நம் வெயிலின் வெக்கையும் வியர்வையும் அரிப்பைக் கிளப்பிவிடும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆற்றும் கதிர் உள்ளே வருவதே இல்லை. திருவிவிலியத்தில் நாம் படிக்கும் யோர்தான் ஆறு கலக்கும் சாக்கடலின் கரையில் மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அந்த இடம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருப்பதால், அங்குள்ள கூடுதலான காற்று சுடும் குட்டை அலைகளை ஓரளவு வடிகட்டி விடுகிறது. சொரியாசிஸ் உள்ளவர்கள் பல நாடுகளிலிருந்து அங்கே சென்று, மருத்துவர் மேற்பார்வையில் வெயில் காய்கிறார்கள். நம்மால் அங்கே போக இயலாது. ஆனால் நம் ஊர் மருத்துவமனையின் கூண்டுக்குள் அதைவிட நன்றாக வடிகட்டிய ஒளி கிடைக்கிறது.

இன்னும் சிலவற்றை நாம் மறக்கலாகாது. எல்லா அரிப்புக்கும் ஒளி மருந்தாகாது. விடுதிகளில் பரவும் சொறி சிரங்கு ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. அதற்கு உடன் இருப்பவர் அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறாலும் தடிப்பே இல்லாமல் உடல் அரிப்பதுண்டு. சிறுநீரகம் பழுதானவர்களின் அரிப்பைப் புற ஊதாக் கதிர் தணிப்பதை அமெரிக்க மருத்துவர் பார்பரா கில்கிரெஸ்ட் குழுவினர் 1977-இல் கண்டார்கள். ஆயினும் பின்வந்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. எனவே காரணம் இன்னதென்று மருத்துவர் கண்ட பிறகே சிகிச்சை. ஒளி பட்டால் மோசமாகும் நோய்களும் உண்டு. ஒளியோடு ஒத்துப்போகாத மாத்திரைகளும் உண்டு. கண்ணாடி அணியாமல் நின்றால் கண் கெடும். மிகுதியான புற ஊதாக் கதிர் தோலை முதிரச் செய்யும்; புற்றுநோயையும் வரவழைக்கும். எத்தனை தடவை, எவ்வளவு என்று அட்டையில் எழுதிவைப்பது இதற்காகத்தான்.

தோழியரே, இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது இது. நோயுற்ற தோலை ஆற்ற மருத்துவர்கள் ஒளியை அளந்து கொடுக்கிறார்கள். அந்தத் தோலுக்குள் இருக்கும் மனத்தை ஆற்றுவதோ மருத்துவமனையின் வேலை அல்ல, நம்முடைய வேலை. நம் வகுப்பிலும் கைகளை மறைத்துக்கொண்டு கடைசி இருக்கையில் ஒருத்தி இருக்கலாம். அவள் பக்கத்தில் போய் உட்காருவதற்கு எந்த விளக்கும் வேண்டாம், எந்த அட்டையும் வேண்டாம். தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய நம் ஆண்டவரின் கையை நினைத்துக்கொண்டால் போதும். ஒளிக்கு அளவு வேண்டும். அன்புக்கு அளவு வேண்டாம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி